பிளாப்பிக்குப் பிளாஸ்திரி

"மெதுவா வாங்க... அது இப்பதான் கண்ணை மூடிச்சு."

நனைந்த குடையை மடக்கிக்கொண்டே விறுவிறுவென்று உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். கால்நடை மருத்துவமனையின் பதிவறை வாசலில், உதட்டின் மேல் விரலை வைத்தபடி ஒருவன் வழிமறித்து நின்றிருந்தான். உள்ளே யாரோ நோயாளி படுத்திருக்கிறார்களோ என்று அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மேசையில் அவளுடைய கம்ப்யூட்டர் இருந்தது. மானிட்டருக்கு மேலே, கதகதப்பான இடமாகப் பார்த்து ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி சுருண்டு கிடந்தது. அதன் வால் திரையில் பாதியை மறைத்துக்கொண்டு தொங்கியது.

அவளுடைய கம்ப்யூட்டர் என்றால் அவள் காசு கொடுத்து வாங்கியதல்ல. ஆனால் அதற்குள் ஓடுகிற புரோகிராமை வரிக்கு வரி எழுதியவள் அவள்தான். திறந்தவுடன் முதல் திரையில் அவள் பெயர் வரும். ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத காலம் அது. சித்தப்பா நடத்தும் சின்னக் கம்பெனியிலிருந்து அவள் பெயரோடு வெளியே போன முதல் புரோகிராம் இது. எந்த மாட்டுக்கு எப்போது ஊசி, எந்த நாய்க்கு எப்போது தடுப்பு மருந்து என்று எல்லாவற்றையும் பிளாப்பி என்ற மெல்லிய காந்தத் தட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளும். இரண்டு மாதமாக ஒரு புகாரும் இல்லை. இன்று மதியம்தான் போன் வந்தது... மிஷின் அப்படியே நின்றுவிட்டது, உடனே ஆள் அனுப்புங்கள் என்று.

"அந்தப் பூனையை முதல்ல இறக்குங்க" என்றாள்.

"அதுக்குக் காய்ச்சல். ஊசி போட்டிருக்கு."

"மானிட்டர் சூடாயிடும்."

"சூடா இருக்குன்னுதானே அது அங்க போய்ப் படுத்திருக்கு?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முகம் என்னவோ அடக்கமாகத்தான் இருந்தது. கண்கள்தான் அடங்கவில்லை. சிரிப்பதற்கு உதட்டிடம் அனுமதி கேட்காத கண்கள்... மழை மேகத்தின் இருட்டில்கூட அவை பளிச்சென்று தெரிந்தன. இந்த நேரத்தில் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கம்பெனியில் அவளுக்கு 'கறார்' என்று பெயர். அதைக் காப்பாற்றும் குரலில், "நான் இந்த மிஷினைப் பார்க்கணும். நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"கம்பவுண்டர். பதிவறையும் இப்ப நான்தான் பார்த்துக்கறேன்." அவன் பூனையை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, "ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல..." என்று சொல்லித் தன் தோளில் போட்டுக்கொண்டான். அது கண்ணைத் திறக்காமலே அவன் காலரைப் பற்றிக்கொண்டு மறுபடி தூங்கிப்போனது.

வெளியிலிருந்து யாரோ, "பிளாஸ்திரி, அந்த கன்னுக்குட்டிக்குக் கட்டு மாத்தணும்" என்று குரல் கொடுத்தார்கள். "வரேன், வரேன்" என்றான் அவன். பிளாஸ்திரியா என்று அவள் புருவம் உயர்ந்தது. பிறகுதான் அறையைச் சரியாகப் பார்த்தாள். டெலிபோன் ரிசீவரில் ஒரு பிளாஸ்திரி. துடைப்பத்தின் கழுத்தில் ஒன்று. ஜன்னல் கண்ணாடியின் விரிசலில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. இந்த மனிதன் உடைந்தது எதையும் சும்மா விடமாட்டான் போலிருக்கிறது.

திரையில் ஒரு பெட்டி மட்டும் வரைந்திருந்தது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையவில்லை. அவள் மிஷினை அணைத்துப் போட்டாள். புரோகிராம் நன்றாகத்தான் எழுந்தது. ஒரு நாயின் விவரத்தை அடித்துப் பதிவு செய்யச் சொன்னாள். பிளாப்பி செருகியிருந்த டிரைவ் ஒருமுறை கரகரத்தது... மறுபடி அதே வெற்றுப் பெட்டி. மறுபடி அதே மௌனம்.

டிரைவின் பூட்டைத் திருப்பிப் பிளாப்பியை வெளியே இழுத்தாள். கறுப்புச் சதுர உறையின் வலது ஓரத்தில், வெள்ளை வெளேரென்று, கத்தரிக்கோலால் அளவெடுத்து வெட்டியதுபோல ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பெட்டியிலிருந்த மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்பது பிளாப்பி. ஒன்பதுக்கும் பிளாஸ்திரி.

"யார் இதை ஒட்டினது?"

"நான்தான். நேத்து சாயங்காலம்." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "எலி கடிச்சிருந்தது."

"எலியா..."

"இங்க பாருங்க, அட்டைப் பெட்டியையே குதறி வச்சிருக்கு." பெட்டியின் மூலையைக் காட்டினான். அது உண்மையாகவே எலி வேலைதான். "உள்ள பார்த்தா எல்லாத்துலயும் ஓரத்துல ஒரு கடி. தூசி கீசி உள்ள போயிடக் கூடாதேன்னு ஒட்டிட்டேன்."

"ஒன்பதையும் ஒரே இடத்துல, ஒரே அளவுல, சதுரமா கடிச்ச எலியை நான் கேள்விப்பட்டதில்ல."

"ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருந்தா ஒரே கடில முடிஞ்சிடுமே. எங்க எலி கொஞ்சம் ஒழுங்கானது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். பிறகு பாடம் எடுக்கும் குரலில் விளக்கினாள். அது கடி இல்லை. செய்கிறபோதே வெட்டிய வெட்டு. அந்த வெட்டு திறந்திருந்தால்தான் பிளாப்பியில் எழுதலாம் என்று மிஷின் புரிந்துகொள்ளும். மூடியிருந்தால் வாசிக்க மட்டும் செய்யும், எழுதச் சொன்னால் மாட்டேன் என்றுவிடும். நேற்றைய தடுப்பூசி முகாமில் ஊசி போட்ட நாய்களின் விவரத்தை இன்று காலையிலிருந்து முழுக்க அடித்துவிட்டு, கடைசியில் பதிவு செய்யும்போது நின்றுபோனதற்கு இதுதான் காரணம்.

"நூத்து நாப்பத்து மூணு நாய்" என்றான் அவன் மெல்ல. கண்களில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "ஒத்தை விரல்ல அடிச்சேன். அஞ்சு மணி நேரம்."

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அதிகம் பேசாதவர். பேசினால் மாற்றிப் பேசாதவர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "என்ன நடந்துச்சுன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துடுங்க" என்றார் அவளிடம். "வெள்ளிக்கிழமை நான் நிர்வாகத்துக்கு எழுதணும். இந்தத் தம்பி ஆறு மாசமா தற்காலிகமாதான் இருக்கான். பதிவறையை நல்லா பார்த்துக்கிட்டா நிரந்தரம். இல்லைன்னா, இங்க கம்பவுண்டர் இடம் வேற காலி இல்ல. அனுப்பிட வேண்டியதுதான்."

அவள் உட்கார்ந்து எழுதினாள். 'கருவியைப் பயன்படுத்துபவரின் கவனக்குறைவே காரணம். புரோகிராமில் குறை ஏதும் இல்லை.' கீழே கையெழுத்து. அவன்தான் அதை வாங்கி, மருத்துவமனை முத்திரை குத்தி, தேதி போட்டு, டாக்டரம்மாவின் கோப்பில் வைத்தான். வாசித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசித்திருப்பான். பூனையைத் தோளில் சரி செய்துகொண்டு, "எழுத்து அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

உள்ளது உள்ளபடிதானே எழுதினோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கிளம்பக் கால் வரவில்லை. மேசையில் அந்த நாய்களின் விவரம் எழுதிய நூற்று நாற்பத்து மூன்று அட்டைகளும் மலையாகக் கிடந்தன. ஒற்றை விரலில் இவன் எப்போது அடித்து முடிப்பான்...

"நீங்க படிங்க. நான் அடிக்கறேன்" என்றாள், ஒரு பிளாப்பியின் பிளாஸ்திரியை உரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

அன்று மதியம் மழை விடவேயில்லை. அவன் அட்டை அட்டையாக எடுத்து வாசிக்க, அவள் விரல்கள் கீபோர்டில் ஓடின.

"நாயின் பேரு, தபால்."

"தபாலா?"

"தபால்காரரைத் தெருக்கோடி வரைக்கும் வழியனுப்பிட்டுத்தான் திரும்பி வருமாம். அடுத்தது... மந்திரி."

"அது ஏன் மந்திரி?"

"வேலையே செய்யாதாம். ஆனா வீட்டுல எல்லாரும் எழுந்து நிப்பாங்களாம்."

"அட்டைல இருக்கறதை மட்டும் படிங்க."

"அட்டைல இருக்கறது வெறும் பேரு மேடம். கதையை நான் கேட்டு வச்சிருக்கேன்."

ஊசி போட வந்த ஒவ்வொரு நாயையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எது ஊசியைக் கண்டதும் உரிமையாளரின் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது, எது மூன்று காலில் வந்தது, எதைத் தூக்கிக்கொண்டு வந்த பெரியவர் அதைவிட அதிகமாக நடுங்கினார்... எல்லாம். அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு முறை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கறார் சிரித்த செய்தி கம்பெனிக்குப் போனால் யாரும் நம்பமாட்டார்கள். வீட்டுக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் வழிந்த மழைநீரைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

மறுநாள், வியாழக்கிழமை, காலையிலேயே வந்துவிட்டாள். மீதி எழுபது அட்டைகள்தான். சீக்கிரம் முடிந்துவிடுமே என்று ஒரு வருத்தம் எட்டிப் பார்த்தது. அதை அவள் கண்டுகொள்ளாததுபோல இருந்தாள்.

கடைசி அட்டையை வாசித்து முடித்துவிட்டு அவன் தயங்கினான்.

"மேடம், ஒரு சந்தேகம். கோவிச்சுக்கக் கூடாது."

"கேள்வியைப் பொறுத்தது."

"நான் ஒட்டினது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா... எங்ககிட்ட வர்றது எல்லாம் வாயில்லாத ஜீவன். அதுக்கே எங்க வலிக்குதுன்னு காட்டத் தெரியும். காலைத் தூக்கிக்கிட்டு நிக்கும். காதைச் சாய்க்கும். இந்த மிஷினுக்கு ஏன் அது தெரியல?"

அவளுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஏனென்றால் அதற்குப் பதில் அவளுடைய பெருமை. "தெரியும். அதைத்தான் நான் ரொம்ப யோசிச்சு எழுதியிருக்கேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சாதாரணமா டிரைவ் கதவு திறந்திருந்தாலோ, பிரிண்டர்ல காகிதம் இல்லாம போனாலோ, மிஷின் தானா ஒரு கேள்வி கேட்கும். அபார்ட், ரீட்ரை, இக்னோர்னு. விட்டுடவா, திரும்பப் பண்ணிப் பார்க்கவா, கண்டுக்காம போகவான்னு அர்த்தம். அதைப் பார்த்தாலே ஜனங்க பயந்துபோய் முதல் எழுத்தைத் தட்டிடுவாங்க. மொத்த வேலையும் போயிடும். அதனால அந்தக் கேள்வி வர்ற இடத்தை நான் பிடிச்சுக்கிட்டேன். இடைஞ்சல் வந்தா மிஷின் முதல்ல என் புரோகிராம்கிட்ட வரும். அது ஒரு பெட்டி போட்டு, என்ன ஆச்சு, என்ன பண்ணணும்னு பக்குவமா சொல்லும். சரி பண்ணிட்டு ஒரு தட்டு தட்டினா விட்ட இடத்துலேர்ந்து தொடரும்."

அவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கதை கேட்பதுபோலக் கேட்டான். "நல்ல மனசு மேடம் உங்களுக்கு" என்றான். கேலி இல்லை. நிஜமாகத்தான் சொன்னான். அவள் காது மடல் சூடானது.

"அப்ப... நேத்து ஏன் அது ஒண்ணும் சொல்லல? பெட்டி வந்துச்சு. உள்ள ஒண்ணுமே இல்லையே."

"டிரைவ்ல ஏதாவது கோளாறா இருக்கும்" என்றாள் அவள். அந்தப் பதில் அவளுக்கே சரியாகப் படவில்லை.

சாயங்காலம் கம்பெனிக்குப் போனதும் புரோகிராமை அச்சடித்த நீளக் காகிதத்தைத் தரையில் விரித்துப் போட்டு முழங்காலிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பகுதியைத் தேடிப் பிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் 'பெட்டியை வரை' என்ற வரி. அடுத்தது... அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த நான்கு வரிகள் செய்தி சொல்லும் வரிகள் அல்ல. கடைசி வாரத்தில் சித்தப்பா கேட்டார் என்று நுழைத்த வரிகள். "இடைஞ்சல் வந்தா எப்ப வந்துச்சு, யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு பிளாப்பில குறிச்சு வைம்மா. நாளைக்கு நம்ம மேல பழி வரக் கூடாது" என்றிருந்தார். எழுத மாட்டேன் என்று பிளாப்பி சொல்லிவிட்டதால்தான் மிஷின் அவளிடம் ஓடி வருகிறது. அவள் புரோகிராமோ, மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால், முதலில் அந்தப் பழியை அதே பிளாப்பியில் எழுது என்று மிஷினைத் திருப்பி அனுப்புகிறது. கிணற்றுக்குள் ஏணி உடைந்து கத்துகிறவனிடம், அதே ஏணியில் ஏறி வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று சொல்வதுபோல. அவன் எங்கே வருவான்... அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

தெரியாத விஷயமா என்ன. இந்த இடத்தில் திரையோடும் கீபோர்டோடும் மட்டும் பேசு, பிளாப்பி பக்கம் போகாதே என்று கையேட்டில் இருக்கிறது. அந்த வரிக்கு அவளே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறாள். சோதித்தபோது பிரிண்டரில் காகிதத்தை உருவிவிட்டு மட்டும்தான் சோதித்தாள். அப்போது பிளாப்பி நன்றாக இருந்தது. அதனால் இந்தப் பிழை கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டது.

அவன் ஒட்டாமல் இருந்திருந்தால் இடைஞ்சலே வந்திருக்காதுதான். ஆனால் இடைஞ்சல் வரும் என்று தெரிந்துதானே அவள் அதை எழுதினாள். அவள் எழுதியது வேலை செய்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஐந்து மணி நேர வேலை போனது அவளால். அவன் வேலை போகப்போவதும் அவளால்.

சித்தப்பா அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவளை நம்பி முதல் புரோகிராமைக் கொடுத்தவர். "நாலு வரியை எடுத்துடு. நாளைக்குப் போய் சத்தமில்லாம மாத்திடு. குடுத்த காகிதம் குடுத்ததாவே இருக்கட்டும்" என்றார்.

"அந்தக் காகிதத்துல இருக்கறது பொய் சித்தப்பா."

"யானைக்கும் அடி சறுக்கும்மா. அதுக்காக யானை போய் ஊரைக் கூட்டிச் சொல்லுமா? இன்னும் மூணு கிளைக்கு இதே புரோகிராமை வாங்கறதா டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. உன் பேரு இருக்கு அதுல."

அந்தக் கடைசி வார்த்தை அவளைக் குத்தியது. ஏனென்றால் அதுதான் உண்மை. சித்தப்பா தடுக்கிறார் என்பது சாக்கு. பள்ளியில் ஒரு கணக்கு தப்பானால்கூட அழிரப்பரால் தாள் கிழியத் தேய்ப்பவள் அவள். தப்பு என்னுடையது என்று நாலு பேர் முன்னால் சொல்வதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்வது மேல் என்று வளர்ந்தவள். அதுவும் அவன் முன்னால்... நல்ல மனசு என்று சொன்ன அந்த வாய் என்ன சொல்லும்? அந்தக் கண்கள் எப்படிப் பார்க்கும்?

நான்கு வரிகளையும் எடுத்தாள். ஒரு பிளாப்பியின் ஓரத்தை மூடி, டிரைவ் கதவைத் திறந்து, என்னென்ன வழியில் கெடுக்க முடியுமோ அத்தனை வழியிலும் கெடுத்துச் சோதித்தாள். ஒவ்வொரு முறையும் பெட்டி வந்தது, பேசியது, காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவின் அறையில் நான்கு பேர். சித்தப்பா தோய்த்து மடித்த சட்டையில் வந்திருந்தார். அவன் சுவரோரமாக நின்றிருந்தான். இன்று தோளில் பூனை இல்லை. அதற்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், காலையில் அதன் வீட்டார் வந்து கூட்டிப் போனார்களாம்.

டாக்டரம்மா காகிதத்தை எடுத்து வாசித்தார். "பயன்படுத்துபவரின் கவனக்குறைவு... நீ என்ன சொல்ற தம்பி?"

"மேடம் எழுதினது சரிதாங்க. நான்தான் கேட்காம ஒட்டினேன். தப்பு என்னோடதுதான்."

சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான். டாக்டரம்மா பேனா மூடியைத் திருகினார். சித்தப்பா தொண்டையைச் செருமினார், பேசாதே என்று அர்த்தம். இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் பெயர் பிழைத்துக்கொள்ளும். அவன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போவான்.

"இல்ல" என்றாள். "தப்பு என்னோடது. மிஷின் முன்னாடி வாங்க, காட்டறேன்."

பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பிளாப்பியைப் போட்டுப் பழைய புரோகிராமை ஓட்டினாள். வெற்றுப் பெட்டி வந்தது. உறைந்து நின்றது. "இந்தப் பெட்டிக்குள்ள நான் பேசியிருக்கணும். பேசல. யார் மேல பழி போடலாம்னு குறிச்சு வைக்கப் போய், சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டுட்டேன்." நிறுத்தாமல் புதியதை ஓட்டினாள். அதே பிளாப்பி. அதே கரகரப்பு. பெட்டி வந்தது. டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்க வாசித்தார்.

'பிளாப்பியின் ஓரத்திலுள்ள வெட்டு மூடியிருக்கிறது. ஒட்டியதை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு பட்டனைத் தட்டவும். நீங்கள் அடித்தது எல்லாம் பத்திரமாக இருக்கிறது.'

அவள் அவனைப் பார்த்தாள். அவன் முன்னால் வந்து பிளாப்பியை வெளியே எடுத்து, புண்ணிலிருந்து எடுப்பதுபோல வலிக்காமல் பிளாஸ்திரியை உரித்தான். பிளாப்பியை உள்ளே போட்டு ஒரு பட்டனைத் தட்டினான். டிரைவ் ஓடியது. பதிவாகிவிட்டது.

"புதன்கிழமை இது வந்திருந்தா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அரை நிமிஷ வேலை. ஒரு நாய்கூடப் போயிருக்காது."

டாக்டரம்மா கையிலிருந்த காகிதத்தை அவள் வாங்கினாள். இரண்டு வரிகளையும் கோடு போட்டு அடித்தாள். கீழே, 'பிழை புரோகிராமில் இருந்தது, நான் எழுதியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டரம்மா அதை வாங்கி மறுபடி வாசித்தார். "தம்பி, நீ இங்கேயே இரு. நிரந்தரம்னே எழுதிடறேன். ஆனா இனிமே எதையாவது ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளு." பிறகு சித்தப்பாவிடம் திரும்பினார். "மூணு கிளைக்கு இப்ப வேண்டாம். இன்னும் ஒரு மாசம் இங்க ஓடட்டும். வாரம் ஒரு தடவை இந்தப் பொண்ணு வந்து பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் பேசலாம்."

சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது. ஆனால் படியிறங்கும்போது அண்ணன் மகளின் தலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு பின்னால் குடையோடு ஓடி வருகிறவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். அவர் ஒன்றும் கண் தெரியாதவர் அல்ல. "நான் வண்டில இருக்கேன். பத்து நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே போனார்.

வராந்தாவின் விளிம்பில் மழை திரையாகக் கொட்டியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள் அவள். வந்தது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "என் தப்பைத் தலையில போட்டுக்கச் சொல்லி உங்களை யார் கேட்டது?"

"உங்க தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? நிஜமாவே என் தப்புன்னுதான் நினைச்சேன்." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "தெரிஞ்சிருந்தாலும்... அதையேதான் சொல்லியிருப்பேன்னு நினைக்கறேன்."

"உங்க வேலையே போயிருக்கும்."

"உங்க பேரு போயிருக்குமே."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். சாரலில் அவன் இமைகள் நனைந்திருந்தன. இந்த மூன்று நாளும் எதைச் சொல்லக் கூச்சப்பட்டாளோ அதைவிடக் கூச்சமான ஒன்றை இப்போதுதான் எல்லார் முன்னாலும் சொல்லி முடித்திருந்தாள். இனி என்ன மிச்சம்...

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள். "ரொம்ப. வாரம் ஒரு தடவை வந்தா எனக்குப் போதாது."

அவன் கையிலிருந்த குடையை விரித்தான், மறுபடி மடக்கினான். அவசரப்பட்டுவிட்டோமோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனாள்.

"புதன்கிழமை சாயங்காலமே எங்க அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றான் அவன்.

"என்னன்னு?"

"எனக்கு வேலை போகப்போகுதுன்னு." அவன் கண்கள் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தன. "வேலை போகுதுங்கறதை ஏண்டா இப்படிச் சிரிச்சுக்கிட்டே சொல்றேன்னு அக்கா கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் வேலைக்கு உலை வச்ச பொண்ணையே கட்டிக்கணும்னு தோணுது அக்கான்னு சொன்னேன்."